பயணத்தில் ஹாட்ஸ்பாட்: போன் டேட்டாவை லேப்டாப்புக்குத் தரும் முன்

2025ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வைகை எக்ஸ்பிரஸில் என் அக்காவுடனும் அக்கா மகளுடனும் பயணம் செய்தேன். அக்கா மகளுக்குப் பொறியியல் கவுன்சிலிங் நடந்து கொண்டிருந்தது. எந்தெந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்ற விருப்பப் பட்டியலை இணைய தளத்தில் பதிந்து உறுதி செய்ய அன்று மாலை 5 மணி வரைதான் நேரம். பட்டியல் முழுவதும் தயார். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் கல்லூரிக் குறியீட்டு எண்களுடன் அழகாக டைப் செய்து வைத்திருந்தாள். "ரயிலில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். என் போனில் இன்டர்நெட் இருக்கிறது" என்று தைரியம் சொன்னவன் நான்தான்.

தாம்பரம் தாண்டியதும் என் போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை இணைத்தேன். அவள் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கத் தொடங்கினாள். செங்கல்பட்டு தாண்டி சிறிது நேரத்தில், அன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்துவிட்டது என்று போனில் ஒரு மெசேஜ் வந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. விழுப்புரம் நெருங்கும்போது அடுத்த மெசேஜ்: அன்றைய 2 ஜிபியும் முடிந்தது, இனி வேகம் குறைக்கப்படும். நாங்கள் அதுவரை கவுன்சிலிங் தளத்தைத் திறக்கவே இல்லை!

அதன் பின் தளத்தைத் திறந்தால், நடுவில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. கூடுதல் டேட்டா வாங்க ரீசார்ஜ் ஆப்பைத் திறந்தால் அதுவும் வரவில்லை. மணி நான்கைத் தாண்டிவிட்டது. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பின் கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

எதிர் சீட்டில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என் போனிலிருந்து நெட் தருகிறேன் சார்" என்றார். உடனே இணைக்கப் போன என்னைத் தடுத்து, "அவசரப்படாதீங்க சார். உங்க டேட்டாவைத் தின்றது எது என்று பார்க்காமல் இணைத்தால், என் டேட்டாவும் அதே மாதிரி போய்விடும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரை. என்ன நடந்தது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்பதை, புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கு பார்க்கலாம்.

ஹாட்ஸ்பாட் என்பது என்ன?

உங்கள் மொபைல் போன் செல்போன் டவரிலிருந்து இன்டர்நெட் இணைப்பைப் பெறுகிறது. அந்த இணைப்பை, போன் தன் வை-பை ரேடியோ மூலம் அருகில் உள்ள லேப்டாப், டேப்ளட், இன்னொரு போன் ஆகியவற்றுக்குப் பகிர்ந்து தருவதுதான் ஹாட்ஸ்பாட். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்புக்கு ரௌட்டர் என்ற சிறிய பெட்டி வைத்திருப்போம் அல்லவா? பயணத்தில் உங்கள் போன் அந்த ரௌட்டரின் வேலையைச் செய்கிறது. இதனை டெதரிங் என்றும் அழைப்பார்கள்.

ஒரு காலத்தில் இதற்கு மிகவும் சிரமப்பட வேண்டியிருந்தது. போனைக் கேபிளில் இணைத்து, அந்த போனுக்கான தொகுப்பைக் கம்ப்யூட்டரில் பதிந்து, மோடம் போல அதை டயல் செய்ய வைத்து, ஜிபிஆர்எஸ் வேகத்தில் ஒரு மெயில் படிக்கக் காத்திருந்த நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் 2010ல் வந்த 2.2 பதிப்பிலும், ஐபோனில் 2011ல் வந்த ஐஓஎஸ் 4.3 பதிப்பிலும் வை-பை ஹாட்ஸ்பாட் வசதி தரப்பட்டது. அதன் பிறகு ஒரே தட்டலில் இணைப்பு கிடைக்கிறது. எளிதாகிவிட்டதால்தான் நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம்.

டேட்டா எங்கே போனது?

இதுதான் புரிந்து கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். உங்கள் போனுக்குத் தான் மொபைல் டேட்டாவில் இருப்பது தெரியும். எனவே பெரிய அப்டேட்களையும், போட்டோக்களை இணையத்தில் சேமிப்பதையும் வை-பை கிடைக்கும் வரை பெரும்பாலும் தள்ளி வைக்கும். ஆனால் லேப்டாப்பைப் பொறுத்தவரை, அதற்குக் கிடைத்திருப்பது ஒரு வை-பை இணைப்பு. அந்த வை-பைக்குப் பின்னால் இருப்பது வீட்டு பிராட்பேண்டா, ஒரு நாளைக்கு 2 ஜிபி மட்டும் தரும் போனா என்பதை நாம் சொல்லாவிட்டால் அது பொதுவாக அறியாது. அளவில்லாத இணைப்பு என்றே நினைத்துக் கொள்ளும்.

எங்கள் லேப்டாப் புதியது. அதில் விண்டோஸ் அப்டேட்கள் நிறைய நிலுவையில் இருந்தன. வீட்டில் ஏற்றிய பழைய போட்டோக்கள் ஒன்ட்ரைவ் மூலம் இணையத்திற்குச் சென்று கொண்டிருந்தன. ஆப்களுக்கான அப்டேட்கள் வேறு. எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டன. லேப்டாப்பின் மீது தவறில்லை. அது தன் கடமையைச் செய்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாதது நான்.

வேகம் குறைந்த பின் ஏன் எதுவுமே திறக்கவில்லை என்று கேட்கலாம். பல திட்டங்களில் அன்றாட அளவு முடிந்த பின் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்படுகிறது. இதை எட்டால் வகுத்தால், நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்கவே இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். இன்றைய இணைய தளங்களின் ஒரு பக்கமே பல எம்பி அளவில் இருக்கும். பக்கம் முழுவதும் வருவதற்குள், நேரம் கடந்துவிட்டது என்று தளமே இணைப்பைத் துண்டித்துவிடும்.

லேப்டாப்பிடம் எப்படிச் சொல்வது?

விண்டோஸ் இயக்கத்தில் இதற்கென்றே ஒரு வசதி உள்ளது. அதன் பெயர் மீட்டர்டு கனெக்‌ஷன். ஆட்டோவில் மீட்டர் ஓடுவதைப் போல, இந்த இணைப்பில் அளவு பார்க்கப்படுகிறது என்று கம்ப்யூட்டருக்கு அறிவிப்பது. விண்டோஸ் 11ல் இதனைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்.

1. லேப்டாப்பை உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டுடன் இணைக்கவும்.
2. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, செட்டிங்ஸ் தேர்ந்தெடுக்கவும்.
3. இடது பக்கம் உள்ள நெட்வொர்க் & இன்டர்நெட் பிரிவில் கிளிக் செய்து, வை-பை என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
4. உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயருடன் ப்ராப்பர்டீஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் கிளிக் செய்திடவும்.
5. கிடைக்கும் திரையில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதற்கு எதிரே உள்ள சுவிட்சை ஆன் செய்திடவும்.

அவ்வளவுதான். இதன் பின் விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களை அந்த இணைப்பில் இறக்காது. ஒன்ட்ரைவும் வழக்கமாகத் தன் பணியை நிறுத்தி வைக்கும். இந்த அமைப்பு அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். வீட்டிற்கு வந்து பிராட்பேண்டில் இணைத்தால், அப்டேட்கள் எப்போதும் போல இறங்கும். எனவே பயப்படத் தேவையில்லை. ஒருமுறை அமைத்துவிட்டால், அடுத்த முறை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைக்கும்போது விண்டோஸ் அதை நினைவில் வைத்திருக்கும். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினால் மட்டும், மீண்டும் ஒருமுறை அமைத்திட வேண்டும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். மீட்டர்டு என்று அமைத்துவிட்டதால் எல்லாமே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் பார்க்கும் வீடியோவுக்கு இது தடை போடாது. வேறு நிறுவனங்களின் பைல் சேமிப்புத் தொகுப்புகள் இதை மதிக்கும் என்ற உறுதியும் இல்லை. திரையின் வலது கீழ் மூலையில் அவற்றின் ஐகான் இருக்கும். அதில் கிளிக் செய்து, தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் கட்டளையைக் கொடுத்திடவும்.

எது டேட்டாவை உண்கிறது என்று அறிய, செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ் எனச் செல்லவும். ஒவ்வொரு தொகுப்பும் எவ்வளவு எடுத்துக் கொண்டது என்ற பட்டியல் கிடைக்கும். இந்தப் பட்டியலைத்தான் அந்த மாணவர் எங்களுக்குத் திறந்து காட்டினார். இதே இடத்தில் ஒரு வரம்பையும் அமைத்து, அதை நெருங்கும்போது எச்சரிக்கை பெறலாம்.

லேப்டாப் இல்லாமல் இன்னொரு போனை இணைப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஐபோனில் இணைத்திருக்கும் வை-பை பெயருக்கு அருகில் உள்ள ஐ குறியைத் தட்டினால் லோ டேட்டா மோட் என்ற சுவிட்ச் இருக்கும். ஆண்ட்ராய்டு போனில், இணைத்த வை-பையின் விவரப் பக்கத்தில் நெட்வொர்க் யூசேஜ் என்ற வரியைத் தட்டி, மீட்டர்டு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஹாட்ஸ்பாட்டை அமைக்கும் வழி

முதல் முறையாக இதைச் செய்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், ஹாட்ஸ்பாட் & டெதரிங் எனச் சென்று வை-பை ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்திடவும். சாம்சங் போன்களில் இது கனெக்‌ஷன்ஸ் என்ற பிரிவில் இருக்கும். போனுக்குப் போன் பெயர் சற்று மாறலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால், செட்டிங்ஸில் மேலே உள்ள தேடும் கட்டத்தில் ஹாட்ஸ்பாட் என்று டைப் செய்தால் போதும்.

ஐபோனில் செட்டிங்ஸ் சென்று பர்சனல் ஹாட்ஸ்பாட் என்பதைத் தட்டி, அலோ அதர்ஸ் டு ஜாயின் என்பதை ஆன் செய்திடவும். லேப்டாப் இணையும் வரை இந்தத் திரையிலேயே இருப்பது நல்லது. பழைய லேப்டாப்பில் ஐபோனின் பெயரே தெரியவில்லை என்றால், அதே திரையில் உள்ள மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி என்பதை ஆன் செய்து பார்க்கவும். ஐபோன் 12 முதல் இந்த வசதி உள்ளது. இது ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றும். பழைய லேப்டாப் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ஆண்ட்ராய்டிலும் இதே பிரச்னை வந்தால், ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கவும்.

பாஸ்வேர்ட் இல்லாமல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைக்கவே கூடாது. குறைந்தது எட்டு எழுத்துகள் தேவை. உங்கள் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாக வைக்க வேண்டாம். ஹாட்ஸ்பாட்டின் பெயரிலும் உங்கள் முழுப் பெயர் வேண்டாம். பெட்டியில் உள்ள அனைவரின் திரையிலும் அது தெரியும்.

கேபிள் இருந்தால் கேபிளே சிறந்தது

நீண்ட நேரம் வேலை இருந்தால் யுஎஸ்பி டெதரிங் முறையை நான் பரிந்துரைப்பேன். போனை அதன் சார்ஜிங் கேபிள் மூலம் லேப்டாப்புடன் இணைத்து, ஹாட்ஸ்பாட் & டெதரிங் பிரிவில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்திடவும். இணைப்பு உறுதியாக இருக்கும். போனும் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் ஆகும். பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் இணைப்பில் நுழைய வழியும் இல்லை. சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும், டேட்டா செல்லாது. அப்படிப்பட்ட கேபிளில் இந்த சுவிட்ச் மங்கலாகவே இருக்கும். ஐபோனை விண்டோஸ் லேப்டாப்புடன் கேபிளில் இணைக்க, ஆப்பிளின் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் தொகுப்பு முன்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும்.

இங்கு ஒரு எச்சரிக்கை. யுஎஸ்பி மூலம் இணைத்தால், விண்டோஸ் அதனை வை-பை என்று எடுத்துக் கொள்ளாது. ஈதர்நெட் என்று காட்டும். எனவே வை-பைக்கு நீங்கள் அமைத்த மீட்டர்டு அமைப்பு இதற்குப் பொருந்தாது. செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், ஈதர்நெட் எனச் சென்று அங்கும் ஒருமுறை ஆன் செய்திடவும்.

புளூடூத் மூலமும் டேட்டாவைப் பகிரலாம். பேட்டரி குறைவாகவே செலவாகும். ஆனால் வேகமும் குறைவு. மெயில் பார்க்கப் போதும். வேறு எதற்கும் போதாது.

எவ்வளவு டேட்டா போதும்?

ஒரு எளிய கணக்கு. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு வீடியோ ஓடினால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 450 எம்பி செலவாகும். வீடியோ அழைப்பில் நம் படம் போவது, அவர் படம் வருவது என இரண்டு வழியிலும் செலவு. எனவே அதே வேகத்தில் 900 எம்பி. ஆக, 2 ஜிபி என்பது இரண்டு மணி நேர வீடியோ அழைப்புக்குத்தான் தாங்கும். ஆனால் மெயில், படிவம் நிரப்புதல், டிக்கெட் எடுத்தல் போன்றவற்றுக்கு 2 ஜிபி என்பது தாராளம்.

5ஜி போனில் அளவில்லாத டேட்டா தரும் திட்டம் வைத்திருப்பவர்களும் நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. ஓடும் ரயிலில் ஊர்களைத் தாண்டியதும் போன் 5ஜியிலிருந்து 4ஜிக்கு மாறலாம். அப்படி மாறியதும், பல திட்டங்களில் அன்றாட அளவிலிருந்துதான் டேட்டா கழியும். திரையில் ஒரு எண் மாறுவதைத் தவிர வேறு அறிகுறி இருக்காது.

ரயிலில் சிக்னல்

ஓடும் ரயிலில் போன் ஒவ்வொரு டவராக மாறிக் கொண்டே செல்கிறது. மாறும் இடங்களில் இணைப்பு சில நொடிகள் தடுமாறும். உலோகத்தாலான பெட்டியும், ஏசி பெட்டியின் கண்ணாடியும் சிக்னலைக் குறைக்கும். எனவே போனைப் பையிலோ சட்டைப் பாக்கெட்டிலோ வைக்காமல், ஜன்னலுக்கு அருகில் வைக்கவும். லேப்டாப் உங்கள் மடியில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் இடையே சில அடி தூரம் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு பொருட்டே அல்ல. படிவத்தை அனுப்பும் கடைசி பட்டனை, ரயில் வெட்டவெளியில் ஓடும்போது அழுத்துவதைக் காட்டிலும் ஒரு பெரிய ஊர் வரும்போது அழுத்துவது நல்லது.

ஹாட்ஸ்பாட் இயங்கும்போது போன் சூடாகும். பேட்டரியும் வேகமாகக் குறையும். தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம். பவர் பேங்க் கையில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் ஹாட்ஸ்பாட்டை ஆஃப் செய்திடவும்.

அந்நியருக்குத் தரலாமா?

எங்களுக்கு அந்த மாணவர் தந்தார். அவசரத்தில் இருப்பவருக்கு உதவுவது நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் இணைப்பில் மற்றவர் செய்யும் எதுவும் உங்கள் எண்ணின் கணக்கில்தான் வரும். எனவே உங்கள் கண் எதிரில், சிறிது நேரத்திற்கு மட்டும் தரவும். பின்னர் பாஸ்வேர்டை மாற்றிவிடவும். அதேபோல, இணைப்பைப் பெறுபவரும் முதல் வேலையாகத் தன் லேப்டாப்பில் மீட்டர்டு அமைப்பை ஆன் செய்வதுதான் மரியாதை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. முதல் நாள் இரவே வீட்டு இணைப்பில் விண்டோஸ் அப்டேட்களை முடித்துவிடவும். பயணத்தில் அவற்றை நிறுத்தி வைக்கிறோம் என்பதால், வீட்டில் செய்யாமல் விட்டுவிடக் கூடாது. பாதுகாப்புக்கு அவை தேவை.
2. வீட்டிலேயே ஒருமுறை ஹாட்ஸ்பாட்டை இணைத்து, மீட்டர்டு அமைப்பை ஆன் செய்து பழகவும்.
3. போனின் அன்றைய டேட்டா அளவைத் தெரிந்து கொள்ளவும். கூடுதல் டேட்டா தேவைப்படும் என்று தோன்றினால், வேகம் குறைவதற்கு முன்பே வாங்கவும். குறைந்த பின் வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை நான் அனுபவித்துவிட்டேன்.
4. தேவையான பைல்களை லேப்டாப்பிலேயே சேமித்து எடுத்துச் செல்லவும்.
5. கடைசி நேரம் குறிக்கப்பட்ட வேலை எதையும் ரயில் பயணத்திற்கு என்று வைத்துக் கொள்ள வேண்டாம்.

இந்த ஐந்தாவதை நான் பின்பற்றியிருந்தால், மற்ற நான்கும் அன்று தேவைப்பட்டிருக்காது.

அந்த மாணவர் தன் ஹாட்ஸ்பாட்டில் எங்கள் லேப்டாப்பை இணைத்த உடனே மீட்டர்டு அமைப்பை ஆன் செய்தார். ஒன்ட்ரைவையும் நிறுத்தினார். தளம் திறந்தது. அக்கா மகள் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பதிந்தாள். உளுந்தூர்பேட்டை தாண்டி விருத்தாசலம் வருவதற்குள் உறுதி செய்யும் பட்டனையும் அழுத்திவிட்டாள். மணி அப்போது 4.35. மாணவர் தன் போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மொத்த வேலைக்கும் 50 எம்பி கூட ஆகவில்லை. அதற்காகத்தான் நான் 2 ஜிபியை இழந்திருந்தேன்.

அவள் இப்போது கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம், "ரயில் ஏறிவிட்டேன் மாமா, மீட்டர் போட்டாச்சு" என்று ஒரு மெசேஜ் தவறாமல் வருகிறது.